பழைய சிந்த் பிளக்-இன்னை எழுப்புவது எப்படி? ஐயப்பன்தாங்கல் முறை

பழைய சிந்த் பிளக்-இன்கள் வேலை இல்லாத மாதங்களில் கல்லுக்குண்டாட்டம் இருக்கும். ஐயப்பன் ஆல்பத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, அதைச் செலவும் செய்து, கார்த்திகை பிறக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் படுக்கும். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர் அட்வான்ஸ் வாங்கியே பழக்கம் இல்லாதவர்.

இந்தக் கையேடு, சாலிகிராமம் வளசரவாக்கத்து வாடகை கட்டி மாளாமல் ஆற்காடு ரோட்டிலேயே மேற்கே மேற்கே நகர்ந்து, போரூரையும் தாண்டி, ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் ஒரு மாடி ரூமைப் பிடித்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, வாசலில் ‘டிஜிட்டல் ரெக்கார்டிங் ஸ்டுடியோ’ என்று போர்டு மாட்டியவர்களுக்கானது. ஆடியில் அம்மன், நவம்பரில் ஐயப்பனும் ஏசுவும் ஒரே வாரத்தில், முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோவுக்குப் பின்னணி, தேர்தல் வந்தால் எதிரும் புதிருமான கட்சிகளுக்கு ஒரே தாளத்தில் பிரசாரப் பாட்டு என்று பிழைப்பு ஓடும். ஐயப்பன் பாட்டை ஐயப்பன்தாங்கலில் எடுத்தால் ராசி என்று நம்பி ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டை அட்டையை நம்பி யாரும் வருவதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சிந்த் பிளக்-இன் என்பது கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் கீபோர்டு. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கூப்பிட்டால் வந்து வாசிக்கும். ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனி 1996இல் விஎஸ்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது எஃபெக்ட்டுகளோடு வாத்தியங்களும் அதற்குள் வந்தன. அதுவரை புது சவுண்டு வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கீபோர்டு வாங்க வேண்டும். அதன்பிறகு ஒரு பென்டிரைவ் போதும் என்றாகிவிட்டது. அந்தப் பென்டிரைவ் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நம் ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை. நம் பிரச்சினையின் விதை அங்கேதான் இருக்கிறது. அதை 6ஆம் படியில் பார்ப்போம்.

தேவையான பொருட்கள்

2004 வாக்கில் செய்த சிந்த் பிளக்-இன் ஒன்று. அதை எழுதியவர்கள் இப்போது வேறு தொழிலில் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி தானாகவே அப்டேட் ஆகிக்கொண்ட கம்ப்யூட்டர் ஒன்று.

மார்க்கர் பேனாவில் ‘சவுண்ட்ஸ் முக்கியம்’ என்று எழுதிய டிவிடி ஒன்று. அதைப் படிக்கும் டிரைவ் வீட்டில் இருக்கக் கூடாது.

போன் செய்தால் “எனக்கு நல்லாத்தானே ஓடுது” என்று சொல்லும் வளசரவாக்கத்து நண்பர் ஒருவர்.

யுபிஎஸ் ஒன்று. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் கரன்ட் இருக்காது என்ற ஈ.பி. மெசேஜை நீங்கள் எப்படியும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

படி 1: எந்த சவுண்டு என்று கேளுங்கள்

இதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆல்பம் போடும் அண்ணன் வந்து உட்கார்ந்ததும் டீ சொல்லிவிட்டு, கையில் பேப்பரோடு கேளுங்கள்.

“அண்ணே, எந்த சவுண்டுண்ணே?”

“அதான் தம்பி, 2007ல போட்டோமே, நம்ம முதல் வால்யூம். பல்லவிக்கு முன்னாடி ஆ...ன்னு வந்து அப்படியே மேல போய் விரியுமே. பின்னாடி மணி மாதிரி லேசா.”

“ஸ்ட்ரிங்ஸாண்ணே?”

“ஸ்ட்ரிங்ஸ் இல்ல.”

“கோரஸா?”

“ஆள் பாடற மாதிரி இருக்கும், ஆனா ஆள் இல்ல. சபரிமலையில விடியகாலையில பனி இறங்குமே, அந்த சவுண்டு.”

பனிக்குச் சத்தம் கிடையாது என்று விவாதம் செய்யாதீர்கள். அவர் சொல்வது ‘பேட்’ வகை சவுண்டு. மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கும், உள்ளே ஒரு மணிச் சாயல் இருக்கும். 2000களின் சிந்த் பிளக்-இன் ஒவ்வொன்றிலும் இப்படி ஐம்பதாவது இருக்கும். அண்ணனுக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. அதன் பெயர் உங்கள் பழைய ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் மட்டும் இருக்கிறது. அந்த ஃபைலைத் திறந்தால்தான் ‘பிளக்-இன் காணவில்லை’ என்று வருகிறது.

படி 2: பிளக்-இன் குற்றவாளியா, போர் மோட்டாரா?

பழி போடுமுன் விசாரணை வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்கிறதா? ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை மூடுங்கள். இன்னும் கேட்டால் பிளக்-இன் நிரபராதி. கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டிருக்கிறார்கள், உங்கள் வயரிங்கில் எர்த் சரியில்லை.

நம் ஊர் கரன்ட் விநாடிக்கு 50 சுற்று. கீபோர்டின் அடித்தட்டில் 49 ஹெர்ட்ஸில் ஒரு ‘ஜி’ இருக்கிறது. ஆக, மோட்டார் ஐந்து கட்டையில், கீழ் ஸ்தாயியில், செமிடோனில் மூன்றிலொரு பங்கு சுருதி ஏற்றிப் பாடுகிறது. பாட்டும் ஐந்து கட்டை என்றால் பாடகர் முகத்தில் இனம்புரியாத வேதனை தெரியும், காரணம் அவருக்கே தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். ஃபிளாட் செக்ரட்டரியிடம் மோட்டார் நேரத்தை எழுதி வாங்கலாம். ஐந்தரைக் கட்டைக்குப் பாட்டை ஏற்றலாம். மூன்றில் சாத்தியமானது மூன்றாவதுதான்.

உறுமல் இல்லாமல் ‘பீப் பீப்’ என்று கேட்டால் அது டெப்போவில் ரிவர்ஸ் எடுக்கும் பஸ். அதற்கு இந்தக் கையேட்டில் தீர்வு இல்லை.

படி 3: 32ஆ 64ஆ என்று பாருங்கள்

பழைய பிளக்-இன்கள் பெரும்பாலும் 32 பிட் காலத்தவை. இன்றைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் 64 பிட். 64 பிட் புரோகிராமால் 32 பிட் பிளக்-இன்னின் டிஎல்எல் கோப்பைத் தனக்குள் நேரடியாக ஏற்றிக்கொள்ள முடியாது. க்யூபேஸ் 2016இல் வந்த 9ஆம் பதிப்போடு 32 பிட் பிளக்-இன்களுக்குக் கும்பிடு போட்டது. ஆப்பிளின் லாஜிக் 2013லேயே போட்டுவிட்டது. மேக்கில் 2019க்குப் பிறகு 32 பிட் என்ற பேச்சே கிடையாது.

விண்டோஸ்காரர்களுக்கு வழி இருக்கிறது. வழிகாட்டிப் பலகைகளைத்தான் யாரோ மாற்றி நட்டுவிட்டார்கள். சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று ஒன்று, ‘புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86’ என்று இன்னொன்று இருக்கும். 86 பெரிய நம்பர், அதனால் அதுதான் புதுசு என்று நினைத்தால் ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 86, இன்டெல் 1978இல் விட்ட 8086 சிப்பின் வம்சப் பெயர். 32 பிட் சாமான்கள் அங்கேதான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள் இருக்கும். ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரில் 32 பிட் கோப்புகள் இருக்கும். அச்சுப்பிழை இல்லை, அப்படித்தான் இருக்கிறது. பழைய புரோகிராம்கள் பழைய பெயரிலேயே தேடும் என்பதால் பெயரை விட்டுவிட்டுச் சாமானை மாற்றினார்கள். தெருப்பெயரை மாற்றினாலும் ஆட்டோக்காரர் பழைய பெயரில்தான் போவார் என்பது நமக்குத் தெரியாததா?

படி 4: கறுப்புப் பட்டியலிலிருந்து மீட்டெடுங்கள்

சரியான ஃபோல்டரில் டிஎல்எல்லை வைத்தாகிவிட்டது. சாஃப்ட்வேரைத் திறக்கிறீர்கள். வரிசையாக ஒவ்வொரு பிளக்-இன்னாக ஸ்கேன் ஆகிறது. நம் ஆள் பெயர் வரும்போது மட்டும் நிற்கிறது. நீங்கள் ஸ்கிரீனைப் பார்க்கிறீர்கள். அது உங்களைப் பார்க்கிறது. பிறகு எல்லாம் மூடிக்கொள்கிறது.

அடுத்த முறை திறந்தால் சத்தமில்லாமல் ஸ்கேன் முடிந்துவிடும். சரியாகிவிட்டது என்று டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். ஒருமுறை காலை வாரிய பிளக்-இன்னைச் சாஃப்ட்வேர் ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு அதன் பக்கமே போகாமல் ஒதுங்குகிறது. கோளாறைச் சரிசெய்து புதுக் கோப்பையே கொண்டுவந்து வைத்தாலும், பெயர் பட்டியலில் இருக்கும்வரை பல சாஃப்ட்வேர்கள் கண்ணெடுத்தும் பார்க்காது. பிளக்-இன் மேனேஜருக்குள் போய் அந்தப் பட்டியலைத் தேடிப் பெயரை நீக்கி, முதலிலிருந்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். அந்தப் பாதியில் நீங்கள் இல்லை என்பதால்தான் இந்தக் கையேடு இன்னும் நீள்கிறது.

படி 5: பிரிட்ஜ் போடுங்கள்

32 பிட் பிளக்-இன்னைத் தனியாக ஒரு சின்னப் புரோகிராமுக்குள் ஓடவிட்டு, அங்கே வரும் ஒலியை இங்கே வாங்கிக்கொள்வதுதான் பிரிட்ஜ். ரீப்பரில் இது கூடவே வருகிறது. எஃப்எல் ஸ்டுடியோவிலும் உண்டு. மற்றவர்கள் ஜேபிரிட்ஜ் என்ற சிறிய புரோகிராமை நம்பிக் காலம் தள்ளினார்கள். இதில் ஒரு நிஜமான லாபம் இருக்கிறது. பிளக்-இன் படுத்தால் அது மட்டும்தான் படுக்கும், ப்ராஜெக்ட் பிழைத்துக்கொள்ளும்.

பிரிட்ஜ் வழியாகத் திறந்த பிளக்-இன்னின் ஜன்னல், மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது வழக்கம். ஆல்ட்-டேப் அடித்துத் தேடுங்கள். கிடைத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2004இல் மானிட்டர் 1024க்கு 768 புள்ளிகள். அந்த அளவுக்கு வரைந்த சிந்த், இன்றைய 4கே மானிட்டரில் மூலையில் தபால்தலை அளவுக்குத் தெரியும். மரச்சட்டம், வெள்ளி குமிழ்கள், சிவப்பு எல்இடி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ‘கட்ஆஃப்’ என்று எழுதிய குமிழை மவுஸால் மேலே இழுத்தால் திரும்பாது. அந்தக் காலத்துக் குமிழ்கள் சிலவற்றை வட்டமாகத்தான் சுற்ற வேண்டும். மாவாட்டிப் பழகிய கை இருந்தால் சுலபம்.

படி 6: லைசென்ஸ் படலம்

ஜன்னல் திறந்ததும் ‘சீரியல் நம்பரை உள்ளிடவும்’ என்று வரும். வாசகர்கள் இங்கே மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள்.

முதல் கட்சி: காசு கொடுத்து வாங்கியவர்கள். கம்பெனியின் ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்புகொள்ளச் சொல்கிறது. கம்பெனி இல்லை. சிந்த் உலகத்தில் இது புதிதல்ல. 1997இல் உலகமே கொண்டாடிய ‘ரீபர்த்’ 2005இல் நிறுத்தப்பட்டது. ‘ஆல்கெமி’ செய்த கேமல் ஆடியோவை 2015இல் ஆப்பிள் வாங்கியது. அதே வருஷம் அந்த சிந்த் லாஜிக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விண்டோஸ்காரர்கள் வெளியே நின்றார்கள்.

இரண்டாம் கட்சி: டாங்கிள் வைத்திருப்பவர்கள். யுஎஸ்பியில் செருகும் அந்தக் கட்டைவிரல் அளவுச் சாமானைப் பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். ஸ்டைன்பெர்க் தன் இ-லைசென்ஸர் சேவையை 2025 மே மாதத்தோடு முடித்துக்கொண்டது. அலமாரியில் தொடர்ந்து இருக்கட்டும், இடத்தை அடைக்காது.

மூன்றாம் கட்சி பெரிய கட்சி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த டிவிடி, நண்பரின் நண்பர் தந்த பென்டிரைவ், ‘கீஜென்’ என்ற சாவி செய்யும் புரோகிராம். கீஜென்னைத் திறந்ததும் டிங்கிடி டிங்கிடி என்று ஒரு பாட்டு ஓடுமே, அது இன்றும் மனப்பாடமாக இருக்கும். நீங்கள் அந்த வருஷம் போட்ட பாட்டுகளைவிட நல்ல ட்யூனாகவும் இருக்கும். இப்போது அதே கோப்பை ஆன்டிவைரஸ் பார்த்த மாத்திரத்தில் தின்றுவிடுகிறது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டலாம் என்று வளசரவாக்கத்து நண்பர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டால் அண்ணனின் முதல் வால்யூம் முதல் ஏழாம் வால்யூம் வரை எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, பிட்காயின் கேட்டு ஒரு கடிதம் வரக்கூடும். காசு கொடுக்காமல் எடுத்த சாமானுக்குச் சர்வீஸ் சென்டர் கிடையாது. முதல் கட்சிக்கும் கிடையாதுதான். ஆனால் அவர்களுக்குக் கோபப்படும் உரிமை இருக்கிறது.

மூன்று கட்சிக்கும் பொதுவான ஆறுதல்: எங்கோ ஒரு அலமாரியில் எக்ஸ்பி போட்ட பழைய சிபியு ஒன்று இருக்கும். அதில் எல்லாம் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகி இருக்கும். அதை எடுத்துத் துடையுங்கள், கேபினெட்டைத் திறந்து தூசி ஊதுங்கள். இன்டர்நெட் வயரை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது 2014 ஏப்ரலோடு சரி.

படி 7: ப்ரீசெட்டைத் தேடுங்கள்

பிளக்-இன் திறந்துவிட்டது. கண்கள் கலங்கும், கலங்கட்டும். ஆனால் 2007இல் நீங்களே திருத்திச் சேமித்த ‘ஐயப்பா பேட் நியூ’ பட்டியலில் இல்லை.

பழைய பிளக்-இன்கள் ப்ரீசெட்டைத் தாங்கள் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுதும் பழக்கம் உள்ளவை. 2007 தொடக்கத்தில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதைத் தடுத்தது. தடுத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘சேமித்தாயிற்று’ என்று பிளக்-இன்னை நம்பவைத்துவிட்டு, கோப்பை வேறிடத்தில் வைத்தது. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’, அதற்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’. ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது, மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டு என்று விண்டோஸிடம் சொன்னால்தான் தெரியும். பழைய ஹார்டு டிஸ்க் கையில் இருந்தால் அங்கே பாருங்கள். தொலைந்துபோனதாக அழுத பலருடைய சவுண்டுகள் அந்த ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன.

ப்ரீசெட் நம்பரை மட்டும் டைரியில் குறித்து வைத்தவர்களுக்கு வேறு சோதனை. சில சாஃப்ட்வேர்கள் 1 முதல் 128 வரை எண்ணும். சில 0 முதல் 127 வரை எண்ணும். 1991இல் எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட ஜெனரல் மிடி வரிசையில் 105 சிதார், 106 பான்ஜோ. ஒன்று தப்பினால் சரஸ்வதி கையில் அமெரிக்க நாட்டுப்புற வாத்தியம். நாதஸ்வரம் அந்த வரிசையில் இல்லாததால் நம்மவர்கள் 112ஆம் நம்பர் ஷெனாயை வைத்துச் சமாளிப்பார்கள். ஒன்று தள்ளிப்போனால் 113, டிங்கிள் பெல். கெட்டிமேளத்தில் கிண்கிணி மணி அடித்தால் பயப்படாதீர்கள். ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 8: சத்தம் வருகிறது, ஆனால் சரியாக வரவில்லை

இந்தப் படிக்குள் மூன்று நோய்கள் இருக்கின்றன.

படபடவென்று பொரிந்தால்: பஃபர் போதவில்லை. ஆடியோ செட்டிங்கில் 128 இருந்தால் 512 ஆக்குங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் 512 என்பது சுமார் 12 மில்லி விநாடி. பொரியல் நிற்கும். கீபோர்டில் விரல் வைப்பதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். வாசிப்பவர் தன் தாளஞானத்தைச் சந்தேகிக்க ஆரம்பிப்பார். சந்தேகிக்கட்டும், சிலருக்கு நல்லது.

சுருதி சேராவிட்டால்: சில பழைய பிளக்-இன்கள் உலகம் 44,100இல்தான் ஓடுகிறது என்று முடிவுகட்டி எழுதப்பட்டவை. உங்கள் ப்ராஜெக்ட் வீடியோவுக்காக 48,000இல் இருந்தால், வாசிப்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். ஐந்து கட்டையில் வாசித்தால் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே, எந்தக் கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் இல்லாத இடத்தில் போய் நிற்கும். பாடகரைத் திட்டாதீர்கள். ப்ராஜெக்ட்டை 44,100க்கு இறக்குங்கள்.

பாட்டு முடிந்த பிறகு கம்ப்யூட்டர் மூச்சுவாங்கினால்: இது மூன்றிலும் விசித்திரமானது. எக்கோவும் ரிவர்பும் அடங்கி அடங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போகும். எண்கள் தேய்ந்துகொண்டே போய், புள்ளிக்குப் பின் 37 பூஜ்யம் போட்ட பிறகுதான் முதல் இலக்கம் என்ற நிலையையும் தாண்டும்போது, பிராசஸர் அவற்றைச் சாதாரண வழியில் கணக்குப் போட முடியாமல் சுற்றுவழியில் போகும். பென்டியம் 4 காலத்தில் இதனால் மெஷினே திணறியது. பாட்டு ஓடும்போது சும்மா இருந்த சிபியு, நிசப்தத்தில் நூறு சதவீதம் காட்டியது. அன்றைய புரோகிராமர்கள் யார் காதுக்கும் எட்டாத அளவு கொஞ்சம் இரைச்சலைக் கலந்து தப்பித்தார்கள். உங்கள் பிளக்-இன் அதைச் செய்ய மறந்த ரகம் என்றால், அதே டிராக்கில் நீங்களே கேட்காத அளவுக்கு இரைச்சல் கலக்கலாம். ஐயப்பன்தாங்கலில் இதற்குத் தனி பிளக்-இன் தேவையில்லை. மைக்கைத் திறந்து வைத்தால் ரோடே கலந்து கொடுக்கும்.

இந்த மூன்றும் இல்லாமல் ஒரே நோட்டு நிற்காமல் அலறினால், சாஃப்ட்வேரில் ‘பேனிக்’ என்ற பட்டன் இருக்கும், அமுக்குங்கள். மிடி கட்டளை 123, எல்லா நோட்டையும் விடு என்று அர்த்தம். கேட்காவிட்டால் பவர் ஸ்விட்ச்.

படி 9: அண்ணனுக்குப் போட்டுக் காட்டுங்கள்

எல்லாம் கூடிவந்தது. அதே பிளக்-இன், அதே ப்ரீசெட், அதே நோட்டு. அண்ணன் கண்மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தார்.

“இது இல்லையே தம்பி.”

இங்கேதான் பலர் மனமுடைந்து தொழிலை விட்டுப் போகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். அண்ணன் பொய் சொல்லவில்லை. 2007இல் அவர் கேட்டது ப்ரீசெட்டை அல்ல. மிக்ஸில் ரிவர்ப் ஏற்றி, மேலே கோரஸ் பாடவிட்டு, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, எரிமேலி போகும் வேனில் முன் சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஸ்பீக்கரில், விரதம் இருந்த வயிற்றோடு கேட்டார். அதிலிருந்து சிந்த்தை மட்டும் உருவி, சுத்தமான மானிட்டர் ஸ்பீக்கரில், புரோட்டா சாப்பிட்ட மத்தியானத்தில் போட்டுக் காட்டினால் யாருக்குத்தான் பனி இறங்கும்?

ரிவர்பை நீளமாக வையுங்கள். மேல் ஸ்தாயியின் பளபளப்பை ஈக்வலைசரில் கொஞ்சம் சீவுங்கள். பின்னால் சன்னமாக ஒரு சரண கோஷம் விடுங்கள். வால்யூமை இரண்டு டெசிபல் ஏற்றுங்கள்.

“ஆங்... இதான்! இதைத்தான் சொன்னேன்!”

அப்படியானால் புதிய இலவச பிளக்-இன் ஒன்றிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த எண்ணம் 1ஆம் படியில் வந்திருக்க வேண்டும். இனி அதை அடக்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 10: மூச்சு இருக்கும்போதே பிடித்து வையுங்கள்

இதுவரை படித்ததை மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் படி மட்டும் விளையாட்டில்லை.

யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு 1983இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த எஃப்எம் முறையில் ஓடும், 80களின் உலகம் முழுக்க ஒலித்த அந்தக் கண்ணாடி மாதிரியான எலக்ட்ரிக் பியானோவுக்குப் பேர்போன வாத்தியம் அது. அதன் நினைவகத்தில் 32 சவுண்டுகள். அத்தனையையும் ஒரே ஃபைலாக்கினால் 4104 பைட். உங்கள் பெரியம்மா அனுப்பும் காலை வணக்கப் படத்தில் ஒரு ரோஜா இதழைக்கூட அதில் அடைக்க முடியாது. அந்தக் காலத்துக் கீபோர்டு மாஸ்டர் ஒருவர் உருவாக்கிய சவுண்டுகளை இப்போது கொண்டுவந்தாலும், டெக்ஸெட் என்ற இலவச பிளக்-இன் அவற்றைத் திறந்து வாசிக்கும். அந்தத் தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லோரும் படிக்கும்படி வெளியே இருந்தது, யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதிக்கொள்ள முடிந்தது. அதற்கு இருபது வருஷம் பிந்திப் பிறந்த உங்கள் பிளக்-இன், தன் சவுண்டைத் தன் வயிற்றுக்குள் பூட்டிச் சாவியை விழுங்கியது. அதனால்தான் கிழவர் நடமாடுகிறார், பேரன் படுத்திருக்கிறான்.

1986இல் புன்னகை மன்னனுக்கு இளையராஜா கம்ப்யூட்டர் வைத்து இசை போட்டார். அன்று நோட்டுகளை ஓட்டிய மெஷின் இப்போது எங்கே, கெட்டுப்போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் கேட்பவருக்கு இல்லை. பாட்டு ஒலியாகப் பதிவாகிவிட்டது, கேட்கிறோம். உங்கள் 2007 ப்ராஜெக்ட்டில் ஒலியே இல்லை. எந்தப் பிளக்-இன் எந்த நோட்டை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. வாசிக்கிற ஆள் போனால் குறிப்பு ஊமை.

ஆகவே பிளக்-இன் ஓடும் இந்த நிமிஷமே இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, 24 பிட்டில், எடுத்து வையுங்கள். ரிவர்ப் இல்லாமல் ஒன்று, ரிவர்போடு ஒன்று. ஃபைல் பெயரிலேயே கட்டை, டெம்போ, ப்ரீசெட் பெயர் எழுதுங்கள். சாஃப்ட்வேரில் ‘ஃப்ரீஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். அது அந்த ப்ராஜெக்ட்டுக்குள் மட்டும் செல்லும்.

இரண்டு, அந்த சவுண்டையே வேவ் ஃபைலாக்குங்கள். ஐந்து ஸ்தாயியிலும் ஒரு கட்டை, இரண்டரை, நாலரை, ஆறு என்று நான்கு நோட்டுகள். மெல்ல ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. எட்டு விநாடி பிடித்து, அடங்க இரண்டு விநாடி விடுங்கள். மொத்தம் 40 நோட்டு, ஏழு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இவற்றை எந்த சாம்ப்ளரில் போட்டாலும் நடுவில் விட்ட நோட்டுகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். இனி பிளக்-இன் செத்தாலும், கம்பெனி மூடினாலும், விண்டோஸ் எந்த நம்பருக்குப் போனாலும் அண்ணனின் பனி உங்கள் கையில் இருக்கும்.

கடைசி எச்சரிக்கை: வெளியே சொல்லாதீர்கள்

பிளக்-இன் ஓடுகிற விஷயத்தை வளசரவாக்கத்து நண்பரிடம் மட்டும் சொன்னால் போதும், மறுநாள் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர், குமணன்சாவடியிலிருந்து ஒருவர், பூந்தமல்லியிலிருந்து சர்ச் கொயர் மாஸ்டர் ஒருவர் என்று ஆளுக்கொரு பென்டிரைவோடு மாடிப்படி ஏறுவார்கள். “தம்பி, ஒரே ஒரு ஃபைல்தான், ஓப்பன் பண்ணிக் குடுத்தா போதும்” என்பார்கள். எல்லோருக்கும் கார்த்திகையும் கிறிஸ்துமஸும் நெருங்கிக்கொண்டிருக்கும். டீ வாங்கிக் கொடுங்கள், குடும்ப நலம் விசாரியுங்கள், கம்ப்யூட்டரை மட்டும் ஆன் செய்யாதீர்கள். ஃபைலுக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லி, ஜிபேயில் காசு விழுந்த சத்தம் கேட்ட பிறகு எக்ஸ்பி சிபியுவின் ஸ்விட்சைப் போடுங்கள். அந்தச் சத்தத்துக்கு எந்தப் பிளக்-இன்னும் தேவைப்படுவதில்லை.